மலைப்பாதைக் கேபிளும் சர்வரின் பிழைக் கணக்கும்

கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1901 முதல் சூரியன் கவனிக்கப்பட்டு வருகிறது. ஒளிப்படத் தகடுகளிலும் படச்சுருளிலும் ஒரு நூற்றாண்டாகச் சேர்ந்த பதிவுகள் பின்னாளில் கணினிப் படங்களாக மாற்றப்பட்டபோது, ஒரு படத்துக்கு 4,096க்கு 4,096 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட்டுகள் என்ற அளவில் அவை எடுக்கப்பட்டன. அத்தகைய ஒரு படம் சுமார் 3.36 கோடி பைட்டுகள் கொண்டது. தரவைத் துண்டுகளாக்கி அனுப்பும் பொதியாகிய பாக்கெட் ஒன்றில் வழக்கமாக 1,460 பைட்டுகளே அடங்குவதால், அந்தப் படத்தைச் சுருக்காமல் அனுப்ப ஏறத்தாழ 23,000 பாக்கெட்டுகள் வேண்டும். மலைமேல் சர்வர் வைத்திருக்கும் ஆய்வகம், பள்ளி, மருத்துவமனை எதுவாயினும், அந்தப் பாக்கெட்டுகளில் எத்தனை சிதைந்தன, எங்கே சிதைந்தன என்று கண்டறிவது இருவகைத் தொழிலாளர்களின் கூட்டு வேலையாகும்: சர்வர் அறையில் இருக்கும் சிஸ்டம் அட்மின் ஒருவர், மலைப்பாதையில் கண்ணாடி இழைக்கு ஜாயின்ட் அடிப்பவர் மற்றொருவர்.

கொடைக்கானலை உள்ளடக்கிய பழனி மலைப்பகுதியில் இணையம் தளர்ந்தவுடன் பழி பெரும்பாலும் மலைப்பாதைக் கேபிளின் மீதே விழுகிறது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. வத்தலக்குண்டிலிருந்து டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை வழியாக ஏறும் சாலையில் மண்சரிவும், மரம் விழுதலும், சாலை அகலப்படுத்தும் பொக்லைன் வெட்டும் புதியவை அல்ல. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் மேற்கு நோக்கி நகர்ந்து இம்மலையிலும் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை அடைத்தது. ஆயினும், சர்வரின் பிழைக் கணக்கை வாசிக்காமலே இழைப் பணியாளரை மழையில் மலையேற்றுவது, அவருடைய உழைப்பையும் பழுது நீங்கவேண்டிய நேரத்தையும் ஒருங்கே வீணாக்குகிறது.

ஈதர்நெட்டில் பாக்கெட்டைச் சுமந்து செல்லும் சட்டகம் ஒவ்வொன்றின் இறுதியிலும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று சேர்க்கப்படுகிறது. பெறும் வலையட்டை அதே கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்து, விடை பொருந்தாவிடில் சட்டகத்தைக் கைவிட்டு, சி.ஆர்.சி. பிழை என்னும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறது. வழியிலுள்ள சுவிட்சும் பெரும்பாலும் இவ்வாறே சரிபார்த்துச் சிதைந்ததை முன்னே அனுப்பாது நிறுத்திவிடும். சட்டகம் முழுதும் வந்து சேருமுன்பே கடத்தத் தொடங்கும் சில விரைவுச் சுவிட்சுகளைத் தவிர்த்தால், சர்வரில் ஏறும் சி.ஆர்.சி. பிழை அதற்கும் அடுத்த சுவிட்சுக்கும் இடைப்பட்ட கம்பியில் நேர்ந்ததே ஒழிய, பெருமாள்மலைச் சரிவில் நேர்ந்ததாக இருக்க இயலாது. இத்துறையில் மிகவும் புறக்கணிக்கப்படும் உண்மை இதுவே எனலாம்.

அந்த இடைவெளியில் காணப்படும் பழுதுகளோ எளியவை. மாதக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்து செப்புத் தொடுமுனைகளில் களிம்பேறிய இணைப்பான், முறுக்கு அதிகமாகப் பிரிக்கப்பட்டு கிரிம்ப் செய்யப்பட்ட பேட்ச் கார்டு, 100 மீட்டர் வரம்பைத் தாண்டிய செப்புக் கேபிள் ஆகியவை முதன்மையானவை. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு வெளியே செப்புக் கம்பி இழுப்பது இடிமின்னல் மிகுந்த மலையில் ஆபத்தானது. மின்னல் எழுப்பும் அழுத்தத்தில் பாதி பழுதான போர்ட் முற்றிலும் அணையாமல், நாள்தோறும் சில சட்டகங்களைச் சிதைத்தபடியே நீடிப்பதுண்டு. கம்பியில் குறையே இல்லாமல் அமைப்பினாலும் பிழை வரும்: ஒருமுனையில் 100 மெகாபிட், முழு இருவழி என்று நிலையாக வைத்து, மறுமுனையைத் தானியங்கிப் பேச்சுவார்த்தைக்கு விட்டால், மறுமுனை அரை இருவழிக்கு இறங்கிவிட, அங்கே தாமத மோதல்களும் இங்கே சி.ஆர்.சி. பிழைகளும் பெருகும்.

லினக்ஸ் சர்வரில் ‘ஈத்டூல்’ என்னும் கட்டளை இவ்வெண்ணிக்கைகளைத் தனித்தனியே காட்டுகிறது. எண்ணின் அளவைக் காட்டிலும் அது ஏறும் வேகமே பொருள் உடையது. பிழை ஏறாமல், கைவிடப்பட்டவை மட்டும் ஏறினால் கம்பி குற்றமற்றது. வலையட்டையின் தற்காலிக நினைவகம் நிரம்பியிருக்கலாம், அல்லது சர்வருக்குப் புரியாத நெறிமுறைச் சட்டகங்கள் வந்திருக்கலாம். சர்வரின் கணக்குகள் அனைத்தும் அசையாதிருக்க, தொலைவிடத்துக்கு அனுப்பியவை மட்டும் காணாமற்போகுமானால், அப்போதுதான் மலைப்பாதையைச் சந்தேகிக்க நியாயம் பிறக்கிறது.

அப்பொழுது தேவைப்படும் கைத்திறன் வியக்கத்தக்கது. ஓ.டி.டி.ஆர். என்னும் கருவி இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பும் ஒளியின் நேரத்தைக் கொண்டு பழுதின் தொலைவைச் சொல்கிறது. எனினும் அது சொல்வது இழையின் நீளமேயன்றிச் சாலையின் நீளமன்று. ஒவ்வொரு ஜாயின்ட் பெட்டியிலும் கம்பத்திலும் சுற்றி விடப்பட்ட உபரி லூப்புகளைக் கழித்து, எந்தக் கொண்டை ஊசி வளைவில் இறங்கித் தேடவேண்டும் என்று தீர்மானிப்பது அந்தத் தடத்தில் பழகியவரின் நினைவே. 1,310 நானோமீட்டர் ஒளியைவிட 1,550இல் இழப்பு மிகுந்து தெரிந்தால் இழை எங்கோ மடங்கி நெருக்குண்டிருக்கிறது என்றும் அவர் அறிகிறார். பின்னர் 125 மைக்ரோமீட்டர் பருமனுள்ள இழையின் மேற்பூச்சை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, செங்குத்தாக வெட்டி, மின்பொறியில் உருக்கி ஒட்டவேண்டும். நடுவே ஒளி செல்லும் உள்ளகமோ ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர்தான். மூடுபனியின் ஈரமும் காற்றுவாக்கில் வரும் தூசியும் ஒட்டைக் கெடுக்கும் என்பதால் வண்டிக்குள்ளோ தார்ப்பாய் மறைவிலோ இவ்வேலை நடக்கிறது. இழப்பு 0.1 டெசிபலுக்குள் அடங்கினால்தான் நல்ல ஜாயின்ட்.

பாக்கெட் இழப்பு சிறிதெனினும் விளைவு சிறிதன்று. பழைய நெரிசல் கட்டுப்பாட்டு முறையின்படி, போய்வரும் நேரம் 20 மில்லிவிநாடியாக உள்ள தடத்தில் நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால், தடம் எவ்வளவு அகலமானதாயினும் ஒரு கோப்புக்கு நொடிக்குச் சுமார் 7 மெகாபிட்டே கிடைக்கும். பத்தாயிரத்துக்கு ஒன்று எனில் அது 70ஐ எட்டும்.

ஆகவே மலைமேல் சர்வர் நடத்தும் நிறுவனங்கள், புகார் எழுதுமுன் பத்து நிமிட இடைவெளியில் இருமுறை எடுத்த போர்ட் கணக்கையும், பேட்ச் கார்டை மாற்றிப் பார்த்ததன் முடிவையும் புகாருடன் இணைக்க வேண்டும். ஜாயின்ட் முடிந்தபின் பணியாளர் தரும் ஓ.டி.டி.ஆர். படத்தை, லூப்புகள் உள்ள இடங்களின் குறிப்போடு அதே கோப்பில் பாதுகாக்கவும் வேண்டும்.