பார்லேயின் கணக்கு

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்பந்துப் பந்தயம் கட்டுவோர் ‘மிக்ஸ் பார்லே’ என்று கூறுவது, பல ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்து, முதல் ஆட்டத்தில் வரும் பணம் முழுவதும் அடுத்த ஆட்டத்தின் மீது ஏறிக்கொண்டே போகுமாறு அமைந்த பந்தயத்தையே ஆகும். ஆதலால் இதில் வீதங்கள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன, 1.80, 2.00, 1.50 ஆகிய மூன்றும் சேர்ந்து 5.40 ஆவதால், 10 ரிங்கிட் கட்டியவருக்கு மூன்று ஆட்டங்களும் வாய்த்தால் கட்டிய பணம் உட்பட 54 ரிங்கிட் வரும். ஒன்றில் முற்றாகத் தோற்றாலும் பத்தும் போய்விடும்.

மலாய் வீதம் எனப்படும் முறையில் எழுதப்பட்டவற்றைப் பெருக்குவதற்கு முன் மாற்றிக்கொள்ள வேண்டும். 0.90 என்பது ஒரு ரிங்கிட்டுக்கு 90 சென் இலாபம் என்பதால் 1.90 ஆகிறது, கழித்தல் குறியிட்ட 0.80, ஒரு ரிங்கிட் ஈட்டுவதற்கு 80 சென் பணயம் என்பதால் 2.25 ஆகிறது. வலுவான அணி கால் கோல், அரை கோல் என்று விட்டுக்கொடுக்கும் ஹேண்டிகேப் முறையில் பாதி வெற்றியும் பாதி தோல்வியும் உண்டாதலால், 1.90 வீதமுள்ள ஆட்டம் பாதி வென்றால் 1.45 என்றும், பணம் திரும்பினால் 1 என்றும், பாதி தோற்றால் 0.50 என்றும் பெருக்கலில் சேரும்.

சீட்டை நீட்டுபவர் பெரும்பாலும் காணாதது இதன் மறுபக்கம். இரு பக்கமும் சம வாய்ப்புள்ள ஆட்டத்துக்கு நியாயமான வீதம் 2.00, பந்தயம் ஏற்கும் புக்கி 1.90 தரும்போது ரிங்கிட்டுக்குச் சராசரியாக 5 சென் அவரிடம் தங்குகிறது. நான்கு ஆட்டங்களைக் கோத்தால் 16 மடங்கு வர வேண்டிய இடத்தில் 13.03 மடங்கே வருவதால், தங்குவது ஏறத்தாழ 19 சென்னாகவும், எட்டு ஆட்டங்களில் 256க்குப் பதில் ஏறத்தாழ 170 மடங்கே வருவதால் 34 சென்னாகவும் உயர்கிறது. இதோடு ஒப்பிட, மேக்னம் நிறுவனம் நடத்தும் நாலு நம்பர் குலுக்கலில், ‘பிக்’ வகையில் ஒரு ரிங்கிட்டுக்கு 2,500, 1,000, 500 ரிங்கிட் என மூன்று பரிசுகளும், 180 ரிங்கிட் பத்தும், 60 ரிங்கிட் பத்தும் உள்ளன. மொத்தம் 6,400 ரிங்கிட், எண்களோ 10,000, ஆகவே அங்கே தங்குவது 36 சென். அணிகளையும் ஆட்டக்காரர்களையும் வாரம் முழுவதும் ஆராய்ந்து, தம் அறிவை நம்பி எட்டு ஆட்டம் கோக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் இளைஞர், வீதங்கள் தம் கணிப்பையும் உள்ளடக்கியே வகுக்கப்பட்டிருக்குமாயின், குருட்டாம்போக்கில் நம்பர் எடுப்பவரின் நிலைக்கே ஏறக்குறைய வந்துவிடுகிறார் என்பது உண்மையிலேயே வருந்தத்தக்கது.

நம்பர் கடைக்கு உரிமம் உண்டு. காற்பந்துப் பந்தயம் எடுக்கும் புக்கிக்கு 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டம் இடமளிப்பதில்லை. 2010இல் உலகக் கிண்ணக் காலத்தில் விளையாட்டுப் பந்தயத்துக்கு உரிமம் வழங்க எண்ணிய அரசு, எதிர்ப்பு வலுத்ததும் அதைக் கைவிட்டது. பந்தய உடன்படிக்கை செல்லாது என 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் கூறுவதால், எட்டு ஆட்டங்களும் வாய்த்த அரிய நாளில் புக்கி கைவிரித்தால், கிள்ளானில் உள்ளவர் அத்தொகையைக் கேட்டு நீதிமன்றம் செல்ல இயலாது.