துளசித் தொட்டியில் ஒரு விருந்தாளி

இன்று காலை துளசித் தொட்டி மண்ணை மாற்றும்போது, கறுப்பா, மண்புழு மாதிரி ஒன்று நெளிந்தது. பூக்கட்டும் அக்கா, "நாகக் குட்டி! அடிங்க தம்பி!"ன்னு கத்தினாங்க.

போன வருஷம் இப்படித்தான் ஒன்றை அடிச்சுக் கொன்னுட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது புழுப்பாம்பு. விஷமே கிடையாது. சுமார் 15 செண்டிமீட்டர் நீளம்தான். நாகக் குட்டி பிறக்கும்போதே இதைவிடப் பெரிசு. கண் இரண்டும் வெறும் புள்ளி. எறும்பு, கரையான் முட்டைகள்தான் சாப்பாடு. எல்லாமே பெண், ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். பூந்தொட்டி மண்ணோடுதான் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்று அதை மண்ணோடு அள்ளி, செம்பருத்தி அடியில் விட்டேன். அக்காவும் நின்னு பார்த்தாங்க.

நாகருக்குப் பால் ஊற்றும் கை, இந்தச் சின்ன உயிரை அடிக்க வேண்டாமே. என்ன பாம்புன்னு தெரியலையா? கை வைக்காதீங்க, எங்களைக் கூப்பிடுங்க.