முறை வரும் நாள்

ஞாயிற்றுக்கிழமை எல்லார்க்கும் ஒன்றுபோல் விடிவதில்லை என்பதைத் திருமணம் ஆன பிறகே நாங்கள் அறிந்தோம். அலுவலகம் செல்வோர்க்கு வாரம் வெள்ளி மாலையோடு முடிந்துவிடுகிறது. சனியன்று உறக்கமும் உறவும், ஞாயிறன்று திருப்பலியும் நல்ல சாப்பாடும். நீரை நம்பி வாழ்வோர்க்கோ வாரத்தை வகுப்பது நாட்காட்டி அன்று. காற்று வகுக்கிறது, நீரோட்டம் வகுக்கிறது, ஊர் வகுத்த முறை வகுக்கிறது.

வடசென்னையில் வாடகை வீட்டில் எங்கள் இல்லறம் தொடங்கியது. எங்களில் ஒருவரின் அத்தை பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். உடன் பணிபுரியும் இளந்தம்பதியர் விடுமுறை கிடைத்தால் ஊட்டிக்கும் புதுச்சேரிக்கும் செல்வர். நாங்கள் கும்மிடிப்பூண்டி வழித்தடத்துப் புறநகர் இரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கி, பேருந்தில் பழவேற்காடு சேர்வோம். முதலில் சிக்கனம் கருதித்தான் சென்றோம். பின்னர் அதுவே எங்கள் வழக்கமாயிற்று. பிறந்தநாள், மணநாள், உயிர்ப்புப் பெருவிழா, திருவிழா என எங்கள் மகிழ்ச்சிகளில் பாதி அந்த ஏரிக்கரையில் நடந்தவை.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல் உப்புநீர் தருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் குப்பங்களில் அடுப்பெரிவதும் அரிதாகும். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் வந்திறங்கும். மாதா கோவிலும் பள்ளிவாசலும் பழைய பெருமாள் கோவிலும் ஓரூரில் அருகருகே நிற்கின்றன. மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தைப் போர்ச்சுக்கீசியர் காலத்து 1515-ஆம் ஆண்டுக்குக் கொண்டு செல்கிறது மரபு.

இந்த ஏரியில் நாங்கள் கற்ற முதற்சொல் ‘பாடு’. ஏரியில் மீன்வளம் மிக்க இடங்களை எவர் வேண்டுமானாலும் விரும்பியபடி வளைத்துக்கொள்ள முடியாது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு உரிமை பெற்றவர்களுக்குக் கணக்கு உண்டு. சீட்டுப் போட்டு எவர் எந்த இடத்தில் என்று வலையிடலாம் என முடிவு செய்வர். முறை சுழன்று வரும். நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை வேறிடம் செல்வார். வலியவன் எந்நாளும் நல்ல நீரில் நிற்கவும் எளியவன் எந்நாளும் வறண்ட நீரில் நிற்கவும் இடமில்லை. ஒருவர் வலையிடும் நாள், முறை இல்லாதவர்க்குக் காத்திருக்கும் நாள். அங்கே ஓய்வும்கூட மற்றவர்க்கு இடம் விடுவதால் வருவது.

எங்கள் மூன்றாம் மணநாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. இரவு விருந்துக்கு அத்தையின் வீடு என்று முடிவாகியிருந்தது. மாலையில் சென்று சேர்ந்தபோது மாமா வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றிரவு அவர் முறை. “ஒரு நாள் விடக்கூடாதா அத்தை?” என்று கேட்டோம். அத்தை சிரித்தார். “மணநாளு வருசா வருசம் வரும் கண்ணு. பாடு போனா, மறுபடி வர நாளாவும். ராத்திரி தூங்குங்க. விடிஞ்சு சாப்பிடலாம்” என்றார்.

விடியற்காலையில் மாமா திரும்பினார். இறால் சுமாராகக் கிடைத்திருந்தது. விலைக்குப் போகவேண்டியதை அத்தை கூடையில் பிரித்து வைத்தார். எஞ்சியதில் ஒரு கைப்பிடி எங்களுக்கும், ஒரு கைப்பிடி பக்கத்து வீட்டுக் கைம்பெண்ணுக்கும் சென்றன. திருப்பலி முடிந்து வந்து, சுடுசோறும் இறால் குழம்புமாக எங்கள் மணநாளைக் கொண்டாடினோம். மாமா உண்டபடியே கண்ணயர்ந்தார். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடர்களுக்குக் கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்துக் காத்திருந்த விடியலைக் கோவிலில் பலமுறை கேட்டிருக்கிறோம். உழைத்து வருபவரின் பசிக்காக விருந்து காத்திருக்கவேண்டும் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

இந்த ஏரி கொண்டாட வந்தவர்களுக்காக அழுததும் உண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளன்று சுற்றுலா வந்தோர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதன்பின் சுற்றுலாப் படகுப் பயணம் தடைசெய்யப்பட்டது. படகில் ஒரு சுற்று போகலாமா என்று எங்களோடு வந்த நண்பர்கள் கேட்டபோதெல்லாம் அத்தை ஒரே பதிலைச் சொல்வார்: “ஏரிய கரையில நின்னும் பாக்கலாம்.” விடுமுறைக்கு வருபவன் நீரின் அழகைக் காண்கிறான். ஊரார் அதன் ஆழத்தையும் அறிவர்.

இவ்வாண்டு எங்கள்முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. எங்களில் ஒருவர்க்கு நெதர்லாந்தில் மூன்றாண்டுப் பணி கிடைத்திருக்கிறது. அங்கு வாழும் நண்பர் குடும்பம் வாரந்தோறும் படங்கள் அனுப்புகிறது. காலையில் இரயிலேறினால் நண்பகலில் வேற்று நாடு. ஒரு வாரம் ஆன்ட்வெர்ப், மறுவாரம் கொலோன். ஆகஸ்டில் ஜெர்மனியின் கெவிலார் திருத்தலத்தில் ஐரோப்பியத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் பெருவிழாவுக்கும் சென்று வந்திருக்கிறார்கள். கிறிஸ்தவர் மட்டுமின்றி இந்து சமயத்தாரும் அங்கே அன்னையிடம் வருகின்றனர். ஈழத்துப் போரால் சிதறியவர்களின் கண்ணீரும் அந்த விழாவில் கலந்திருக்கிறது.

வியப்பான செய்தி ஒன்றுண்டு. 1613-இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கட்டிய கோட்டைக்குத் தம் கெல்டர்லாந்தின் பெயரால் கெல்டிரியா என்று பெயரிட்டனர். கெவிலார் ஊரும் பழைய கெல்டர் நாட்டைச் சேர்ந்ததே. அங்கிருந்து இங்கு வந்த இளைஞரும் ஒரு காலத்தில் இருந்தனர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் பழவேற்காடுதான். இங்கிருந்து துணி சென்றது. பதினேழாம் நூற்றாண்டில் நம் மக்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. தொல்லியல் துறை காக்கும் டச்சுக் கல்லறையின் வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய இரு தூண்கள் நிற்கின்றன. உள்ளே டச்சு மொழியில் பெயர்கள். வாழ வந்த இடத்தில் அவர்களும் மணந்தனர், விழா எடுத்தனர், மடிந்தனர். ஆயினும் இந்த ஏரியின் மக்களோடு அவர்கள் ஒரு பந்தியில் அமர்ந்ததற்கான அடையாளம் எதையும் அந்தக் கற்களில் நாங்கள் காணவில்லை. வேற்று நாட்டில் வாழ்வது வேறு. வேற்று மக்களோடு வாழ்வது வேறு.

அந்தக் கல்லறையிலிருந்து கரைக்கு வந்தால் மற்றொரு காட்சி. இருளர் பெண்கள் ஏரியில் இறங்கி, ஓலைப்பறியைப் பல்லில் கடித்தபடி, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கின்றனர். பாட்டுச் சீட்டில் அவர்கள் பெயர் இல்லை. பாடு பிறப்பால் வரும் உரிமை. எங்கள் உறவினர் பெருமை பேசும் அந்த நல்ல முறையிலும் முறையே வராதவர்கள் இருக்கிறார்கள். இதை மாமாவிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. “ஏரி சுருங்குது, ஆளு பெருகுது. யாருக்கு யாரு எடம் விடறது?” என்றார். அவர் கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. ஆயினும் பாட்டின் நியாயம் நமக்குள்ளேயே சுழன்று நின்றுவிடக்கூடாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாண்டு சென்று வருவது என்று முடிவு செய்துவிட்டோம். அத்தை தடுக்கவில்லை. இங்கும் மாமா கடலுக்குப் போனால் வாசலில் நின்று வழியனுப்புபவர் அவர். போவதற்கு முன் நாங்கள் இருவரும் சில செய்திகளைப் பேசி உறுதி செய்துகொண்டோம். வாரந்தோறும் ஒரு நகரைக் கண்டு படம் சேர்ப்பது எங்கள் ஞாயிறு ஆகாது. நாங்கள் மகிழும் நாளில் நமக்காக விழித்திருந்து உழைப்பவர் யார் என்று கேட்போம். உணவகத்தில் தட்டுக் கழுவும் அகதித் தமிழராக இருக்கலாம். தனித்திருக்கும் டச்சு மூதாட்டியாக இருக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறாவது எங்கள் மேசையில் உறவல்லாத ஒருவர்க்கு இடம் இருக்கும். கெவிலாருக்கும் செல்வோம்; அங்கே மாதாகுப்பத்தின் பெயரால் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம்.

இளந்தம்பதியரே, நீங்கள் வாழும் ஊர் ரோட்டர்டாமாகவோ இராயபுரமாகவோ இருக்கலாம். விடுமுறை நாள் கையில் வரும்போது ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். இன்று நல்ல நீர் நமக்கு வாய்த்திருக்கிறது. நாளை அது வேறொருவர்க்கு உரியது. இதை அறிந்து உண்ணும் ஒரு பிடி சோறும் திருவிருந்தின் சாயல் கொள்ளும்.