சர்க்கரையும் சம்சாரமும்

"உங்களுக்குச் சர்க்கரையா? பார்த்தால் தெரியவே இல்லையே!" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: "தெரியக் கூடாதுன்னுதாங்க இவ்வளவு பாடுபடறேன்!"

எங்கள் குருசுக்குப்பத்தில் பல வீடுகளில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் மாத்திரை டப்பாவும் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நாடெங்கும் எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு நீரிழிவாம். புதுச்சேரியிலோ நூற்றுக்கு 26! கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

எனக்கு இது இரண்டாவது பிரசவத்தின்போதே எட்டிப் பார்த்தது. குழந்தை பிறந்ததும் போய்விட்டது. "போனது திரும்பி வரலாம், வருஷா வருஷம் ரத்தம் பாரும்மா" என்றார் லேடி டாக்டர். அப்படியே பார்த்து வந்ததால், பத்து வருஷம் கழித்து அது திரும்பியபோது ஆரம்பத்திலேயே பிடிபட்டது. இப்போது ஒன்பது வருஷமாகிறது.

என் அம்மாவுக்கும் சர்க்கரை. பாதம் மரத்துப் போயிருந்தது. ஒரு சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் மணலில் கருவாடு காய வைக்கப் போனார். சுட்டதும் தெரியவில்லை, கொப்புளம் வந்ததும் தெரியவில்லை. புண் முற்றிக் கட்டைவிரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அவர் மீன் கூடை சுமக்கவேயில்லை. அந்தக் காலுக்குக் கட்டு மாற்றியவள் நான். அதனால் தினமும் படுக்கப் போகுமுன் என் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுவேன். வாசலுக்குப் போனாலும் செருப்புதான்.

எனக்கென்று தனிச் சமையல் கிடையாது. தட்டில் பாதி காய், கீரை; கால் பங்கு சோறு; மிச்சக் கால் பங்கு மீனோ பருப்போ. மீனை வறுப்பது குறைந்து குழம்பாகிவிட்டது. முதலில் என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். இப்போது அவரே, "இன்னும் கொஞ்சம் கீரை வை" என்கிறார்.

அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. "கருப்பட்டிக் காப்பி ஒண்ணும் பண்ணாதும்மா" என்பார். "கருப்பட்டியும் ரத்தத்துக்குப் போனா சர்க்கரைதான் அத்தே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். கேழ்வரகும் அப்படித்தான். நல்லதுதான், ஆனால் அளவில்லாமல் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாமல் இருக்குமா?

காலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரை போய் வருவேன். அந்த நேரத்தில் வண்டித் தொல்லை இல்லை. வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் கை வீசி நடக்க வேண்டும்.

மாத்திரையை நானாகக் கூட்டுவதுமில்லை, நிறுத்துவதுமில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் 7-க்குள் இருக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கண்ணையும் சிறுநீரகத்தையும் வருஷம் ஒரு தரம் பார்த்துவிடுவேன். திடீரென்று வியர்த்து, கை நடுங்கிப் படபடத்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஊசி என்றதும் பயப்படாதீர்கள். 1921-ல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டுபிடிக்கும் வரை, சர்க்கரை வந்த குழந்தைகள் பிழைப்பதே அபூர்வம். உயிர் கொடுத்த மருந்து அது.

இளம் தாய்மார்களே, கர்ப்ப காலத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்க்கும் பரிசோதனையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஆறு மாதம் முடிந்த என் பெண்ணுக்குப் போன வாரம் பார்த்தோம். நார்மல் என்று வந்தது. அடுத்த மாதம் வளைகாப்பு. கலந்த சாதம் ஐந்து வகை உண்டு. எனக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டிதான், பக்கத்தில் சுண்டலும் வெள்ளரிக்காயும்!