17(பி)

17(பி) என்றால் தமிழ்நாட்டு அரசு ஊழியர் யாருக்கும் விளக்கம் தேவையில்லை: பெரிய தண்டனையில் முடியக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக்கான விதி. மாவட்ட நீதிமன்ற ஊழியருக்கும் அதே விதிதான். அங்கே குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் கையெழுத்திடுபவர் மாவட்ட நீதிபதி. விசாரணை அதிகாரியாக அவர் நியமிப்பது என்னைப் போன்ற ஒரு சார்பு நீதிபதியை.

கையாடல் என்று வந்தால் நான் முதலில் கேட்பது ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை. ஊழியரின் விளக்கம் பிறகுதான். நடுவர் மன்றத்தில் அபராதம் கட்டியவர் ரசீதோடு போய்விடுவார். அடிக்கட்டை நம்மிடம் இருக்கும். அந்தத் தொகை அபராதப் பதிவேட்டில் ஏறி, ரொக்கப் புத்தகத்தில் ஏறி, சலானோடு கருவூலம் போய்ச் சேர வேண்டும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்ப்பேன். தொகை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், தேதிதான் இடிக்கும். திங்கட்கிழமை வசூலான பணம் மூன்று வாரம் கழித்துக் கருவூலம் சேர்ந்திருக்கும். ஆண்டுக் கூட்டலில் ஒரு ரூபாய் குறையாது. “அதான் கட்டிட்டேனே அய்யா” என்பார்கள். கட்டியது தண்டனையைக் குறைக்க உதவலாம். தற்காலிகக் கையாடல் அதனால் இல்லையென்று ஆகிவிடாது.

குறிப்பாணையில் ‘நேர்மையற்று நடந்துகொண்டார்’ என்று மொட்டையாக எழுதினால் அந்த மனிதர் எதற்குப் பதில் சொல்வார்? ரசீது எண், வசூலித்த தேதி, தொகை, சலான் தேதி எல்லாம் வரிக்கு வரி வேண்டும். சிவில் வழக்கில் பிராதில் ஒரு தேதி விட்டுப்போனாலும் வக்கீலைக் கடிந்துகொள்ளும் நாம், நம் வீட்டு விவகாரத்தில் மட்டும் தாராளமாகிவிடுகிறோம். தணிக்கை அறிக்கையை மேசையில் வைத்தாலே போதும் என்ற நினைப்பும் அப்படித்தான். அறிக்கை எழுதியவர் வந்து சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும்.

இன்னொன்று, பிழைப்பூதியம். சஸ்பெண்ட் ஆனவருக்கு அது போகிறதா என்று கேட்காமல் நான் வாய்தா போடுவதில்லை. கோலார் தங்கச் சுரங்க அதிகாரி ஒருவருக்கு அதைத் தராமல், அவர் வராமலே விசாரணையை முடித்தார்கள். 1999இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையே செல்லாது என்றது. விசாரணை அறிக்கையின் நகலை ஊழியருக்குத் தர வேண்டும் என்பது 1993லேயே தீர்ந்துபோன விஷயம்.

லஞ்சம் வேறு மாதிரி. கொடுத்தவர் வரமாட்டார், அவருடைய வழக்கு இன்னும் அதே நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும். பார்த்த வக்கீலும் வரமாட்டார், நாளைக்கும் அதே கவுன்டரில் நிற்க வேண்டியவர். துறை விசாரணைக்குக் கிரிமினல் வழக்கின் அளவுக்கு நிரூபணம் தேவையில்லைதான். அதற்காக ஊர்ப்பேச்சு சாட்சியம் ஆகிவிடுமா? எழுத்தர் ஒருவர் நகல் தரக் காசு வாங்கினார் என்பது புகாரானால், நகல் மனுப் பதிவேட்டை வரவழைப்பேன். முந்தின மனுக்கள் கிடக்க, பிந்தி வந்த ஒன்று மட்டும் அவசர மனுவும் இல்லாமல் மறுநாளே பட்டுவாடா ஆகியிருந்தால் அதற்கு அந்த எழுத்தர் பதில் சொல்லியாக வேண்டும். பணம் கைமாறியதை அது நிரூபிக்காது, வரிசை மீறியதை நிரூபிக்கும். அதனால்தான் இரண்டையும் ஒரே குற்றச்சாட்டாகக் கட்டிவிடாதீர்கள், தனித்தனியாக எழுதுங்கள் என்று குறிப்பாணை வரைகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.