மாலை கழற்றிய மறுநாள்



கார்த்திகை பிறந்ததும் இங்கே சிங்கப்பூரில், லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கறுப்பு வேட்டிகள் தலைகாட்டத் தொடங்கும். துவாஸ், கிராஞ்சி, சுங்கை காடுட் விடுதிகளிலிருந்து வந்து இறங்கும் நம் ஊர்ப் பையன்களில் சிலர் கழுத்தில் துளசி மாலை. சபரிமலைக்குப் போக லீவு கிடைத்தவர்கள் அவர்கள். கிடைக்காதவர்களில் பலர் தைப்பூசத்துக்குப் பால்குடமோ காவடியோ நேர்ந்துகொள்வார்கள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை நடப்பதற்காக முன்கூட்டியே விரதம் பிடிப்பார்கள். வாராவாரம் குடித்தவன், தினமும் படுக்கப் போகுமுன் குடித்தவன் என்று எல்லாரும் ஒரு மண்டலம் பாட்டிலைத் தொடுவதில்லை. கேட்டால், "நினைச்சா நிறுத்திருவேண்ணே, பாத்தீங்கள்ல?" என்பார்கள். பார்த்தேன், மறுக்கவில்லை. மாலை கழற்றிய மறுநாள் அதே ஆட்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் பார்த்தேன். அந்த மறுநாளைப் பற்றியும், அதைவிட ஆபத்தான இன்னொரு நாளைப் பற்றியும் எழுதத்தான் இந்த மடல்.

நம்மவர் குடியைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுத்த கதை இந்த மண்ணில் பழையது. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. ரப்பர் பால் வெட்டி வாங்கிய கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. சிங்கப்பூரில் 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், அதோடு சேர்ந்து உழைத்த கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' நாளிதழும் இதை எதிர்த்துப் பேசின. போர் முடிந்த கையோடு கெடாவில் ஏ.எம். சாமி என்பவர் தோட்டத்து இளைஞர்களைக் கூட்டித் தொண்டர் படை அமைத்தார். 1947இல் பெடோங் கள்ளுக்கடை மறியல் போலீஸாரோடு மோதலாக முடிந்தது. அந்த வரலாற்றில் என்னை இழுப்பது ஒரே ஒரு விஷயம். குடித்துக்கொண்டிருந்தவர்களே, கூட்டாகச் சேர்ந்து, குடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். வெள்ளைக்காரத் துரைக்கு அது பிடிக்கவில்லை. இங்கே சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் எல்லாம் மூடப்பட 1970களின் இறுதி வரை ஆனது.

பிறகு 2013 டிசம்பர் 8 வந்தது. ஞாயிறு இரவு ஒன்பதரை மணிவாக்கில், தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷியர் ரோடும் சந்திக்கும் முனையில், புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்திருந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் விடுதிக்குத் திரும்பும் தனியார் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். அவருக்கு 33 வயது. அதைத் தொடர்ந்து வெடித்த கலவரத்தை விசாரிக்க, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் குழு அமைந்தது. கலவரம் பெரிதாக மதுவும் ஒரு முக்கியக் காரணம் என்றது அதன் அறிக்கை. 2015 ஏப்ரல் 1 முதல் புதிய மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தீவு முழுக்க இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது; கடையில் வாங்கிப் போகவும் கூடாது என்று அது விதித்தது. லிட்டில் இந்தியாவுக்கு அதற்கு மேலும் கட்டு: சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஏழு மணி வரை வெளியில் குடிப்பதே குற்றம். வார இறுதியில் கடைகள் பார்சல் கொடுப்பதை இரவு ஏழு மணிக்கே நிறுத்திவிட வேண்டும்.

புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து குடிப்பது இதனால் பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் ஒருவன் எங்கே குடிக்கக் கூடாது, எந்த மணிக்குக் குடிக்கக் கூடாது என்பதைத்தான் சட்டம் சொல்லும். குடியையே விடலாம் என்று நினைப்பவனுக்கு நாள் குறித்துக் கொடுக்க அதற்குத் தெரியாது. கோயில் குறித்துக் கொடுக்கிறது. அதனால்தான் கோயில் பக்கம் போகிறார்கள். ஊரிலிருக்கும் மனைவியும் குறித்துக் கொடுக்கிறாள், பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கி.

அறந்தாங்கிப் பக்கத்து ஆள் ஒருவரின் கதை இது. பெயர் வேண்டாம். சாரம் கட்டும் வேலை. தினமும் இரவு மூன்று டின் ஸ்ட்ராங் பியர். "பியர்தானேண்ணே, சரக்கு தொடறதில்ல" என்பது அவர் கட்சி. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8 சதவீத பியர் 500 மில்லி டின் ஒன்றில் ஏறக்குறைய 32 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. நம் ஊர் டாஸ்மாக் குவாட்டர் ஒன்றில் 61 கிராம். அதாவது இரண்டு டின் ஒரு குவாட்டருக்குச் சமம். இவர் தினம் ஒன்றரைக் குவாட்டர் குடித்துக்கொண்டிருந்தார். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னதை விடுங்கள். இந்த அளவு தினசரி என்றால் உடம்பு அதற்குப் பழகிப்போயிருக்கும்.

மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். லீவு கிடைக்கவில்லை, வீடியோ காலில்தான் பார்த்தார். அன்று ஞாயிறு. இரவு மனைவி கேட்டபோது, புதுச் சேலையில் நின்ற மகளைப் பார்த்துக்கொண்டே, "இன்னையோட விட்டுட்டேன்" என்றார். மனசார வந்த சொல் அது. திங்கள் காலை சேஃப்டி பெல்ட்டின் கொக்கியை வளையத்தில் மாட்டப் போனால் மாட்ட முடியவில்லை. கொக்கி வளையத்தின் விளிம்பில் டக் டக்கென்று மோதியதே தவிர உள்ளே போகவில்லை. பக்கத்தில் இருந்தவர் வாங்கி மாட்டிவிட்டார். நான்காவது மாடி உயரம். செவ்வாய் முழுக்க வேர்வை, வாந்தி, ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. காய்ச்சல் என்று பனடால் போட்டுக்கொண்டார். புதன் இரவு பங்க் கட்டிலில் உட்கார்ந்து போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கத் தொடங்கினார். எறும்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் இறந்துபோன அப்பாவோடு பேச ஆரம்பித்தார். அறையில் ஒருவர் திருநீறு பூசினார். காத்து கருப்பு என்றார் இன்னொருவர். மன்னார்குடிக்காரர் ஒருவருக்கு மட்டும் விஷயம் புரிந்தது. ஊரில் அவர் அண்ணனுக்கு இப்படி ஆகிப் பார்த்திருக்கிறார். அவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அறந்தாங்கிக்காரர் பிழைத்துக்கொண்டார்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் நடப்பது இதுதான், பேயும் இல்லை பிசாசும் இல்லை. மது மூளையை மந்தப்படுத்தும். வருஷக்கணக்கில் அதை எதிர்த்துச் சமாளித்துப் பழகிய மூளைக்குத் திடீரென்று மது நின்றால் கட்டுக்கடங்காத வேகம் வந்துவிடும். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வேர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர்கூடப் போகும். எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, ஆனால் யாருக்கு ஆகும் என்று விடுதி அறையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஞாயிறு இரவு சத்தியம் செய்தவனுக்கு ஆபத்தான நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரை. அந்த நாட்களில் அவன் சாரத்தின் மேல் நிற்கிறான், இல்லையென்றால் ஏதாவது மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறான். மனைவிக்கு இது தெரியாது. விரதத்துக்கு மாலை போட்டுவிடும் குருசாமிக்கும் தெரியாது.

ஆகவே, எப்போது விடுவது என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "தினமும் நிறையக் குடிக்கிறீர்களா? காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு மடக்கு உள்ளே போனால் நடுக்கம் அடங்குகிறதா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா?" இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்றால், அவர் இந்த வாரமே நிறுத்தலாம்; உடம்பு பெரும்பாலும் முரண்டு பிடிக்காது. ஆம் என்றால் தானாக நிறுத்தவே கூடாது. டாக்டரைப் பார்த்த பிறகுதான் நாள் குறிக்க வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க டாக்டர்கள் சில நாட்களுக்கு மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள்; சோறு இறங்காமல் குடித்தே காலம் தள்ளியவர்களின் மூளைக்கு அது அவசியம். எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பும் கிடைக்கும். சீனப் புத்தாண்டு மாதிரி சேர்ந்தாற்போல விடுமுறை வரும் வாரமாகப் பார்த்து நாள் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

"டாக்டரிடம் சொன்னால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும், பர்மிட்டை ரத்து செய்து அனுப்பிவிடுவார்கள்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் தீராதவர்களின் பயம் அது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சாரத்தில் வலிப்பு வந்து விழுந்தால் பர்மிட் மட்டுமா போகும்? 2022 ஏப்ரலிலிருந்து விடுதிவாசிகளுக்கு முதலாளி செலவில் ஆரம்ப சுகாதாரத் திட்டம் இருக்கிறது. சில சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து டாக்டரைப் பார்க்கலாம். புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கென்றே இயங்கும் ஹெல்த்சர்வ் தொண்டு நிறுவனத்தில் மருத்துவமும் மனநல ஆலோசனையும் உண்டு. மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தேசிய அளவில் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்று நான் நூறு முறை சொல்லத் தயார்.

இனி மாலை கழற்றிய மறுநாள். விரதத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு மண்டலம் நின்றவனின் உடம்பு தெளிந்திருக்கும், கையில் நாலு காசு மிஞ்சியிருக்கும், முகமே மாறியிருக்கும். அவ்வளவையும் சம்பாதித்துவிட்டு, "அதான் நிறுத்திக் காட்டிட்டேனே" என்று திரும்பக் குடிக்கப் போவதுதான் என்னை வருத்துகிறது. விரதத்தில் அவனைச் சுற்றி எல்லாமே அவனுக்குத் துணை நின்றன. விடியற்காலைக் குளியல், தனிச் சாப்பாடு, சாயங்கால பஜனை, "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடும் கூட்டாளிகள். "ஒரு ரவுண்டு போடு" என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி முதல் கடைசி பஸ் வரை என்ன செய்வது என்று தெரியாத பழைய ஆளாக அவன் தேக்காவில் நிற்கிறான். அந்த ஐந்து மணி நேரத்துக்கு முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்யாதவன் விழுந்துவிடுவான். சம்பளப் பணத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு வருவது, வீரமாகாளியம்மன் கோயிலில் தொண்டு செய்யப் போவது, கிரிக்கெட், சமையல், சேஃப்டி சூப்பர்வைசர் கோர்ஸ் என்று எதுவானாலும் சரி. காவடி எடுப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, காவடியை இறக்கிய பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைக்கான வேலையை விரதம் தொடங்கும்போதே முடிவு செய்யுங்கள் என்பதுதான்.

இடையில் ஒருநாள் சறுக்கினால் எல்லாம் போச்சு என்று நினைக்கிறார்கள். சத்தியம் கெட்டுவிட்டது, சாமி குத்தம் ஆகிவிட்டது, இனி என்ன, குடிப்போம் என்று மொத்தமாக இறங்கிவிடுகிறார்கள். சத்தியத்தில் உள்ள கோளாறு இது. ஒரு சறுக்கலைத் தாங்க அதற்குத் தெம்பு கிடையாது. டாக்டரின் மருந்துக்கும், குடியை விட முயல்பவர்களே ஒன்றுகூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் அந்தத் தெம்பு உண்டு. விழுந்தவன் மறுநாளே திரும்ப வரலாம், யாரும் துரத்த மாட்டார்கள். தமிழ்நாட்டில் தமிழிலேயே அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. லீவில் ஊருக்குப் போகிறவர்கள் ஒருமுறை அங்கே உட்கார்ந்து பாருங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த அடுத்த ஆண்டே, 1980இல் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. அது எவ்வளவு சரியான ஏற்பாடு என்பதை, கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து போனில் மட்டும் குடும்பம் நடத்துகிறவர்களைப் பார்க்கும்போது உணர்கிறேன்.

அதனால் ஊரில் இதைப் படிக்கும் அக்கா, தங்கைகளுக்கும் அம்மாக்களுக்கும் சில வார்த்தைகள். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று விற்கிறார்களே, வாங்காதீர்கள், லீவில் வரும்போது கலக்கவும் கலக்காதீர்கள். டைசல்பிரம் மாதிரி மருந்தை உடம்பில் வைத்துக்கொண்டு தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அது, சாப்பிடுபவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுக்க வேண்டியது. குடிக்கிற ஆசையைக் குறைக்கும் வேறு மருந்துகளும் வந்துவிட்டன. அவையும் டாக்டர் மூலம்தான். பிள்ளைமேல் சத்தியம் கேட்காதீர்கள். "டாக்டரைப் பாத்தீங்களா, என்ன சொன்னாரு?" என்று கேளுங்கள். அறையில் பக்கத்துக் கட்டிலில் யார் இருக்கிறார் என்று கேட்டு அவருடைய நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறு அவர் "விட்டுட்டேன்" என்று சொன்னால், சந்தோஷப்பட்டுவிட்டு, திங்களும் செவ்வாயும் புதனும் வியாழனும் மறக்காமல் போன் போடுங்கள். கை நடுங்குகிறதா, சோறு இறங்குகிறதா, தூங்கினாரா என்று விசாரியுங்கள். நடுக்கம் கூடினால் அன்றே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். வேலைக்குப் போக வேண்டாம். பேச்சு தடுமாறினாலோ, இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னாலோ, வலிப்பு வந்தாலோ, பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டு 995க்கு அடிக்கச் சொல்லுங்கள். இங்கே ஆம்புலன்ஸுக்கு அதுதான் எண்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து.