சாப்பிட்டால்தான் ஊசி

மார்ச் 29, 2022, செவ்வாய்

எங்கள் பூனை கிளாக்கர் காலையில் தட்டைத் தொடவில்லை. கிட்டப் போனான், மணந்து பார்த்தான், உதட்டை நக்கினான், பிறகு போய்ச் சுவரோரம் குந்திக்கொண்டான். "நேத்து சூரை குடுத்த, இன்னைக்கி கோழி. தொரைக்கு ருசி கேக்குது" என்றார் அம்மா.

மலே வீதியிலிருந்து பிரியும் எங்கள் ஒழுங்கைக்குக் குட்டியாக வந்த காலத்திலேயே காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் படிக்கட்டில் ஆஜராகிவிடுவான். கந்தோருக்குக்கூட யாரும் அத்தனை ஒழுங்காகப் போவதில்லை. பெயர் அப்படி வந்தது. போன தீபாவளிக்குப் பிறகு அவனுடைய தண்ணீர்க் கோப்பை அடிக்கடி காலியாகத் தொடங்கியது. மணல் தட்டு ஊறிக் கிடந்தது. நன்றாகத் தின்றும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பின்னங்கால் குதி நிலத்தில் பட நடந்தான். சீனி கூடி நரம்பு கெட்டால் சில பூனைகள் அப்படி நடக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். கருத்தடை செய்த ஆண், நடுவயது தாண்டியவன், ஒருகாலத்தில் ஆறு கிலோ, பகல் முழுக்க மெத்தையில். சீனி வருத்தம் வருவதற்கு எல்லாப் பொருத்தமும் இருந்தது.

அது சீனி வருத்தம்தான் என்று தெரிந்த நாளிலிருந்து காலையும் மாலையும் இரண்டு யூனிட் இன்சுலின். ஒரு மில்லிலீற்றரில் 100 யூனிட் அடங்கும் மருந்து அது. அவனுடைய பங்கு ஒரு மில்லியில் ஐம்பதில் ஒன்று. சிரிஞ்சில் பார்த்தால் அடிக்கோட்டுக்கு மேலே கீறியதுபோல ஒரு கசிவு. அதைப் போடுவதில் சிரமமே இல்லை. தோளுக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் பிடித்தால் அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது, தட்டில் முகம் இருக்கும்வரை. முதலில் சாப்பாடு, பிறகு ஊசி என்பது சட்டம். சாப்பிடாத வயிற்றுக்கு முழு இன்சுலினும் போனால் சீனி விழுந்து வலிப்பு வரலாம், உயிரும் போகலாம்.

டொக்டருக்கு போன் எடுத்தேன். காதோரத்தில் குத்திச் சீனி பார்க்கச் சொன்னார். 310. பாதி மருந்து போடு, முழுக்க நிறுத்தாதே என்றார்.

மார்ச் 31, வியாழன்

இன்று 13 மணித்தியால மின்வெட்டு. யூனியன் பிளேஸ் கடைகளில் ஜெனரேட்டர் சத்தம். டீசல் தீர்ந்த கடைகளில் அதுவும் இல்லை.

பிரிட்ஜ் கதவில் இரண்டு பேரின் இன்சுலின் இருக்கிறது. ஒன்றில் "அம்மா", மற்றதில் "கிளாக்கர்" என்று பிளாஸ்டர் ஒட்டி எழுதியிருக்கிறேன். அவனுடையது நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின். திறந்து பாவிக்கும் பேனை 30 பாகைக்குக் கீழே 28 நாள் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கொழும்பில் பங்குனி வெயில் முப்பதோடு நிற்கவா போகிறது? சட்டிக்குள் சட்டி வைத்து நடுவில் ஈரமணல் நிரப்பினேன். வறண்ட ஊரில் அது நன்றாகக் குளிரும். பேரவாவியின் ஈரக் காற்றில் தண்ணீர் ஆவியாவதே மெதுவாகத்தான், ஆகவே சட்டி பாதி வேலை செய்யும். பாதியும் இன்றைக்குப் பெரிது.

"பேராதனை ஆஸ்பத்திரியில ஒபரேசன நிப்பாட்டிட்டாங்களாம், மருந்து இல்லைன்னு. மனுசருக்கே இல்ல. நீ பூனைக்குச் சட்டி வைக்கிற." கோபமாகச் சொல்லவில்லை, கையில் விசிறியோடு அலுப்பில் சொன்னார். அவருடைய மருந்து கிளினிக்கில் கிடைப்பது, பூனையுடையது பாமசியில் காசுக்கு வாங்குவது, ஒன்றை நிறுத்தினால் மற்றது கூடிவிடாது என்று கணக்குச் சொல்லலாம். சொல்லவில்லை. ஊரே கியூவில் நிற்கும்போது கணக்கு யாருக்கும் ஆறுதல் தராது. ஆனால் சட்டியை எடுக்கவும் இல்லை. மாலையில் அம்மாவே அதில் தண்ணீர் தெளித்தார். அவருடைய பேனையும் உள்ளேதான் இருந்தது.

கிளாக்கர் இன்றும் ஒன்றும் தின்னவில்லை. கோழி, சூரை, இறக்குமதி டின், எதற்கும் அதே சடங்கு: மணப்பது, உதட்டை நக்குவது, திரும்புவது.

ஏப்ரல் 1, வெள்ளி

விடிந்ததும் ஓட்டோ தேடினோம். பெற்றோல் இருந்த ஒருவர் இரட்டிப்புக் கேட்டார். கொடுத்தோம்.

டொக்டர் பேராதனையில் படித்தவர். இந்த நாட்டில் மிருக வைத்தியம் படிக்க வேறு பீடம் இல்லை. அவர் வயிற்றை விரலால் மெல்ல அமர்த்தினார். கிளாக்கர் முதுகைச் சுருக்கினான். சலத்தில் தோய்த்த பட்டியில் கீற்றோன் பார்க்கும் கட்டம் இளஞ்சிவப்பிலிருந்து ஊதாப் பக்கம் போயிருந்தது. இன்சுலின் போதாவிட்டால் உடம்பு சீனியை விட்டுக் கொழுப்பை எரிக்கும், அந்த எரிப்பில் கீற்றோன் சேரும், கீற்றோன் சேர்ந்தால் குமட்டும், குமட்டினால் தின்னாது, தின்னாவிட்டால் நாங்கள் பயந்து இன்சுலினைக் குறைப்போம். சக்கரம் ஒரு சுற்று முடிந்தது. இதற்கு மேல் கணையத்திலும் அழற்சி இருக்கலாம் என்றார். சீனி வருத்தப் பூனைகளுக்கு அது கூடவே வருவது சாதாரணம். இன்னொரு பயம் ஈரல். பருத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைந்துவிடும். மனிதன் விரதம் இருப்பதுபோலப் பூனை இருக்க முடியாது.

கிளினிக்கில் எடுத்த சீனி 400ஐத் தாண்டியது. அவர் அதை எழுதவே இல்லை. மேசையில் ஏற்றினால் பயத்திலேயே பூனைக்குச் சீனி ஏறும், வீட்டில் எடுத்ததைச் சொல் என்றார்.

அம்மா தன் கட்சியை விடவில்லை. டொக்டரிடமே "அடம் புடிக்குது" என்று அரைச் சிங்களத்தில் முறையிட்டார். டொக்டர் சிரிக்கவில்லை. பசியில்லாத பூனை தட்டுக்கே வராது, இவன் வருகிறான், மணக்கிறான், உதட்டை நக்கித் திரும்புகிறான், அது வாந்தி வருவதன் அடையாளம் என்றார். அம்மாவுக்கு உடனே விளங்கியது. மெட்ஃபோமின் தொடங்கிய மாதம் அவரும் சோற்றுக் கோப்பையை இப்படித்தான் தள்ளிவைத்தார்.

குமட்டலுக்கு மரோபிட்டன்ட் ஊசி. தோலுக்கடியில் சேலைன்: தோளில் ஒட்டகத் திமில்போல ஒரு மேடு எழுந்து, ஓட்டோவில் வரும்போது மெல்ல ஒரு பக்கம் சரிந்து, முன்னங்காலுக்கு இறங்கியது. பசிக்கு மிர்டசப்பின். மனிதருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை. பூனைக்குப் பசியைக் கிளப்பும். அமெரிக்காவில் 2018 முதல் அதைக் காதில் தடவும் களிம்பாகவே விற்கிறார்களாம். இங்கே 15 மில்லிகிராம் மாத்திரையை எட்டாக வெட்டு, ஒரு துண்டு, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

ஏப்ரல் 2, சனி

மாலை ஆறுக்கு ஊரடங்கு, திங்கள் காலை ஆறு வரை.

எட்டாக வெட்டுவது எழுத எளிது. புது பிளேடு, கண்ணாடித் தட்டு. முதல் வெட்டில் சரிபாதி. இரண்டாவதில் கால். மூன்றாவதில் ஒன்று துண்டு, மற்றது தூள். சரியான துண்டை வெண்ணெய் தொட்டு அடிநாக்கில் வைத்து வாயைப் பொத்தித் தொண்டையைத் தடவினேன். சாப்பாட்டில் மருந்தைக் கலக்காதே என்று டொக்டர் கடுமையாகச் சொல்லியிருந்தார். குமட்டும் நேரத்தில் எதைத் தின்னக் கட்டாயப்படுத்துகிறோமோ, அதைப் பூனை பிறகு நெடுநாள் வெறுக்கலாம். ஊசியில்லாச் சிரிஞ்சில் கூழ் அடித்து வாயில் பீய்ச்சுவது இதனால்தான் கடைசி வழி. தட்டுத் தட்டாக முன்னால் அடுக்குவதும் கூடாது: ஒரு தட்டு, கால் மணி நேரம், தொடாவிட்டால் எடுத்துவிடு.

கேஸ் இல்லை, மின்சாரம் வரும் போகும். பிளாஸ்கில் இருந்த வெந்நீரில் கிண்ணத்தை வைத்துக் கோழியைச் சூடாக்கினேன். பூனை நாக்கால் அல்ல, மூக்கால்தான் தின்னும். இளஞ்சூட்டில்தான் மணம் எழும். மணந்தான். உதட்டை நக்கவில்லை. தின்னவும் இல்லை. ஆனால் தட்டருகிலேயே படுத்தான்.

ஏப்ரல் 3, ஞாயிறு

நோன்பு முதல் நாள். கீழ்வீட்டு ராத்தா ஸஹருக்கு எழும்பிய சத்தத்தில் நானும் எழுந்து சீனி பார்த்தேன். 268. அளவுகளை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார் டொக்டர். அனுப்பினால் போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் அடைத்திருக்கிறது. சாதாரண போனில் கூப்பிட்டு எண்களை வாய்ப்பாடுபோல ஒப்புவித்தேன். அடைப்பு பின்னேரம் நீங்கியது.

வெளியே போக வழியில்லாத பகலில், 1922க்கு முந்திய வைத்தியம் நினைவுக்கு வந்தது. நியூயோர்க்கில் பிரெடெரிக் அலன் என்ற வைத்தியர் சீனி வருத்தக்காரரைப் பட்டினி போட்டே உயிரோடு வைத்திருந்தார். உணவு இல்லாவிட்டால் சீனி ஏறாது, அவ்வளவுதான் அன்றைய மருந்து. எலிசபெத் ஹியூஸ் என்ற பெண்பிள்ளை அவரிடம் இருந்தவள். 1922 ஓகஸ்டில் டொரொன்டோவுக்கு, இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பாண்டிங்கிடம் கொண்டுபோனபோது, பதினைந்து வயதை நெருங்கியவளின் எடை இருபது கிலோ. இன்சுலின் கிடைத்து 1981 வரை வாழ்ந்தாள். அந்த மருந்து வந்தபின் நிலைமை தலைகீழ். அன்று பட்டினி உயிரைப் பிடித்து வைத்தது. இன்று என் சமையலறையில் பட்டினிதான் ஆளைக் கொல்லப் பார்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005இல் பிலடெல்பியாவின் மொனெல் நிலையத்தார் கண்டுபிடித்தார்கள், புலிக்கும் அப்படியே. சீனி விழுந்தால் ஈறில் தடவ மேசையில் குளுக்கோஸ் தூள் கரைத்து வைத்திருக்கிறேன். தடவினாலும் அவனுக்கு அது வெறும் ஈரம்.

நோன்பு திறக்கும் நேரம் ராத்தா படியேறி வந்தார், கையில் கஞ்சிக் கோப்பை. "ஒங்களுக்கு மகள் இது. அவன் திண்டானா?" இல்லை என்றேன். கஞ்சியில் ஒரு கரண்டி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுவை உடைக்கும், சீனி வருத்தப் பூனைக்கு இன்னும் கெடுதி, அரிசியும் ஆகாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கிப் போனார்.

ஏப்ரல் 4, திங்கள்

ராத்தா மசாலா போடுமுன் எடுத்து வைத்த மாட்டிறைச்சி. உப்பில்லாமல் அவித்து, நார் நாராகப் பிய்த்து, பழைய ஐஸ்கிறீம் டப்பாவில்.

எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சி வந்ததில்லை. வெள்ளிக்குச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், செவ்வாய்க்கு விரதம் என்று இருக்கிற அம்மா, டப்பாவையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தார். "படிக்கட்டுல வச்சிக் குடு. உள்ள வாணாம்."

படிக்கட்டில் வைத்தேன். மணந்தான். ஒரு நாரை இழுத்தான், கீழே போட்டான், மறுபடி எடுத்தான். கடைவாயில் வைத்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்து மென்றான். விழுங்கும்போது தொண்டை அசைவதை நான் மட்டுமா பார்த்தேன், அம்மா கதவு நிலையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மேசைக்கரண்டி போயிருக்கும். டொக்டரைக் கேட்டு ஒரு யூனிட் போட்டேன். மாலையில் கொஞ்சம் கூடுதலாகத் தின்றான். பட்டியில் கீற்றோன் கட்டம் வெளிறியிருந்தது.

நேற்று இரவோடு இரவாக அமைச்சரவை ராஜினாமாவாம். ஊரடங்கு எடுத்ததும் கடைத்தெரு அதைத்தான் பேசியது. ராத்தா என்னிடம் வேறு செய்தி கேட்டார்: நாளைக்கும் இறைச்சி அவிக்கவா?

ஏப்ரல் 9, சனி

மரோபிட்டன்ட் நிறுத்தியாகிவிட்டது. கிளாக்கர் காலை ஏழுக்குப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். உள்ளே கூப்பிட்டால் வர மறுக்கிறான், சாப்பாடு அங்கேதான் வரும் என்று முடிவு. சீனி 240. மீண்டும் இரண்டு யூனிட்.

காலி முகத்திடலில் பெரிய கூட்டம். நடந்தே போகும் தூரம். ஒழுங்கையிலிருந்து இளம் பிள்ளைகள் கொடியோடு போனார்கள். நானும் போனேன், ஆனால் ஊசிக்கு ஏழு மணிக்குத் திரும்ப வேண்டும். ஆறரைக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, செவ்வாய்

வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்துவிட்டது. பாமசியில் அடுத்த பேனையின் விலையைக் கேட்டேன். கடைக்காரர் இன்றைய விலை ஒன்று, நாளைக்கு வேறு என்றார். இரண்டு வாங்கினேன்.

டொக்டர் இன்சுலினை நிறுத்தவும் சொல்லவில்லை, கூட்டவும் சொல்லவில்லை. சோறு, பிஸ்கட் துண்டு, பாண் எல்லாம் வெட்டி, இறைச்சியும் மீனுமாகவே வைத்திருந்தால் சில பூனைகளுக்கு இன்சுலின் தேவையே இல்லாமல் போகும் காலமும் வருமாம். அதற்கு ஆசைப்பட்டுக்கொண்டு சீனி பார்ப்பதை விட்டுவிடாதே என்றார்.

நாளை மறுநாள் சித்திரைப் புத்தாண்டு. அம்மா வீடு கழுவுகிறார். அன்றைக்கு மட்டும் படிக்கட்டிலும் மாட்டிறைச்சி வேண்டாம் என்று ராத்தாவிடம் சொல்லிவிடு, கோபிக்காமல் சொல்லு என்றார். இறங்கிப் போனேன். ராத்தா முந்திக்கொண்டார்: "வருசத்துக்கு அவனுக்குக் கோழி அவிக்கேன் மகள், உங்கம்மாட்ட சொல்லிடுங்க."